விழுங்கிய பின் பெயர் சொல்லவும்

விடிய ஒன்றரை மணி நேரம் இருக்கும்.
பெரட்டுக்களத்தில் ஒரே ஒரு லாந்தர்,
அதைச் சுற்றி ஈசல்,
அதற்கப்பால் இருட்டில் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
என் கையில் தகரக் குவளை.
மேசையில் கொயினாத் தண்ணீர், இரண்டு போத்தல்.

சட்டம் எளிது.
வாயைத் திற. ஊற்றுவேன். விழுங்கு.
பிறகு உன் பெயரை உரக்கச் சொல்.
வாய்க்குள் அடக்கிக்கொண்டு போய்
ரப்பர் மரத்து மூட்டில் துப்புகிறவனுக்குப் பெயர் வராது,
கொழகொழவென்று ஏதோ வரும்.
டாக்டர் துரை கண்டுபிடித்த உபாயம்.
அவருக்கு அதில் பெருமை உண்டு.

இந்தத் தோட்டத்தில் எல்லாப் பெயரும்
கசந்துதான் எனக்கு அறிமுகம்.
சன்னாசி. பூவாயி. இன்னொரு சன்னாசி.
முகம் சுளிக்காமல் சொன்னவன் ஒருவன்தான்,
அவன் கள்ளுக்கடையில் பழகிய நாக்கு.

சுங்கை கெலாடி ஆஸ்பத்திரி
நாலு தோட்டத்துக்கும் பொது.
இருபது கட்டில். மழை மாதங்களில்
ஒரு கட்டிலுக்கு இருவர், தலைமாடு கால்மாடாக.
சாவுப் புத்தகத்தில் நோய் என்றொரு கட்டம்.
காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல் என்று எழுதுவேன்.
பட்டினி என்று ஒருமுறை எழுதினேன்.
கிராணி அதை ரப்பரால் அழித்தார்,
நம் தோட்டத்துச் சரக்குத்தானே.
பென்சிலில் எழுதியது என் தவறு.

நவம்பர் பதினேழு, செவ்வாய்.
ஆறாம் கட்டிலில் சடைச்சி இறந்தாள்.
மண்ணீரல் தொப்புள் வரை இறங்கியிருந்தது.
வயது கேட்டபோது
"கப்பல் ஏறையில ஒம்பது" என்றிருந்தாள்.
மிச்சத்தை நானே கூட்டிப் போட்டேன்.

வியாழக்கிழமை பெரட்டில்
வரிசைக் கடைசியில் ஒரு வாய் திறந்தது.
ஊற்றினேன்.
"சடைச்சி."

பேய் என்று நினைக்கப் படிப்பு இடம் தரவில்லை.
கங்காணி என்று நினைத்தேன்.
செத்தவரைச் செக்ரோலில் உயிரோடு வைத்துத்
தலைக்காசு வாங்குகிறவர்கள் உண்டு.
உடையப்பன் புத்தகத்தை விரித்துக் காட்டினான்.
"ஒங்க புத்தகத்துல செத்தா
என் புத்தகத்துலயும் செத்தாச்சு, டிரசர்."
பெயரின்மேல் கோடு, நேராகத்தான் இருந்தது.

மறுநாள் லாந்தரைத் தூக்கிப் பிடித்தேன்.
மாயக்கா.
பத்தாவது ஆளாகத் தன் பெயருக்குக் குடித்துவிட்டு
சுற்றி வந்து கடைசியில் நின்ற, செத்தவளின் அக்கா.

"ரெண்டு தடவை குடிச்சா காது போயிடும்."
"இப்பவே வண்டு எரையுது."
"பெறகு எதுக்கு?"

"அவ துப்பிட்டா, ஐயா.
வாயில வச்சுக்கிட்டே பேர் சொல்ல ஒரு வழி இருக்கு.
நான்தான் காட்டிக் குடுத்தேன்.
நாப்பத்தாறு நாள் பாக்கி."

மூன்றாம் நாள்
ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் பாகற்காய் இடித்து
அவளுடைய இரண்டாம் குவளைக்கென்று
ஒரு சின்னப் போத்தல் எடுத்து வந்தேன்.
குடித்தாள். பெயர் சொல்லவில்லை.
"இது பாகக்கா.
கணக்குல சேராது."

பிறகு அரைக் குவளைக்கு ஒத்துக்கொண்டாள்,
நாளை இரட்டிப்பாக்கிக்கொண்டு.
நான் ஊற்றினேன்.
ஊற்றினேன் என்பதை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

நூற்றுப் பதினொன்று பேர் பெயர்களையும்
அதன் பிறகு காது கொடுத்துக் கேட்டேன்,
எது இறங்கியது, எது உள்ளே மடங்கி நிற்கிறது என்று.
எல்லாம் ஒன்றுபோலவே கேட்டன.

தை பிறந்தபோது அவளுக்குக் காது மந்தம்.
தன் குரல் தனக்கே எட்டாததால்
பெயரைக் கத்திச் சொல்லத் தொடங்கினாள்.
ஆ செங் கடை நாய்கள் எழுந்து குரைத்தன.

அன்று துரை வந்திருந்தார்.
லாந்தர் வெளிச்சத்தில் அவளைப் பார்த்துத் தலையசைத்து
இவள் நன்றாக விழுங்குகிறாள் என்று
குறித்துக்கொண்டார்.